பெரியப்பாவின் வலது தோள்

"தம்பி, நீ இஞ்சினியருதானே. ஒதைக்காத துப்பாக்கின்னு ஒன்னு இருக்கா?"

2023 தீபாவளிக்கு மறுநாள், மெர்லிமாவ் வீட்டு முன் கொட்டகையில் உட்கார்ந்து மிச்சமிருந்த முறுக்கைத் தின்றுகொண்டிருந்தபோது பெரியப்பா இதைக் கேட்டார். அந்த வருஷம் ஆகஸ்டில்தான் அவருக்கு வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. முறுக்கை இடது கையால்தான் எடுத்தார். கோப்பிக் குவளையையும் இடது கையால்தான் தூக்கினார். கேள்வியை விளையாட்டாகக் கேட்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

பெரியப்பா இருபத்தாறு வருஷம் தோட்டத்தில் குலை வெட்டியவர். செம்பனை உயரமாகிவிட்டால் நீளமான கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அதைத் தலைக்கு மேலே நிமிர்த்தி, முதலில் மட்டையை அறுத்து, பிறகு குலையை அறுத்து இழுக்க வேண்டும். அவர் சேர்ந்தபோது மூங்கில் கம்பு, பிறகு அலுமினியம். ஒரு குலை 15 முதல் 25 கிலோ. ஒரு நாளைக்கு எத்தனை குலை என்று அவர் எண்ணியதில்லை, கிராணிதான் எண்ணுவார். கையைத் தலைக்கு மேலே வைத்து இழுக்கிற அந்த ஒரே அசைவை இருபத்தாறு வருஷம் செய்தால், தோள் எலும்பைச் சுற்றிப் பிடித்திருக்கும் தசைநார் நூல் நூலாகப் பிய்ந்துபோகும். மருத்துவர் படத்தைக் காட்டி விளக்கியபோது நான் பக்கத்தில் இருந்தேன். "இனிமேல் கனமான பொருள் தூக்காதீங்க, கையைத் தலைக்கு மேலே கொண்டுபோகாதீங்க" என்றார். பெரியப்பா மலாயில், "சுடலாமா டாக்டர்?" என்று கேட்டார். மருத்துவருக்குப் புரியவில்லை. நான்தான் விளக்கினேன். அவர் என்னைத்தான் முறைத்தார்.

தோட்டத்தை விட்டு வெளியே வந்தபோது கையில் கிடைத்த பணத்தையும் பெரியம்மாவின் நகையையும் போட்டு, மெர்லிமாவுக்கும் சுங்கை ரம்பைக்கும் நடுவில் நாலு ஏக்கர் நிலம் வாங்கினார். பழைய செம்பனை மரங்கள். 2022 கடைசியில் அவற்றைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்தார். இளங்கன்றுகளுக்குக் காட்டுப்பன்னிதான் எமன். கன்றின் அடியை மூக்கால் கிளறிச் சாய்த்து, உள்ளே இருக்கும் வெள்ளைக் குருத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும். குருத்து போனால் கன்று போச்சு. மூன்று வருஷம் தப்பித்துவிட்டால் பிறகு பயமில்லை. அந்த மூன்று வருஷத்துக்குத்தான் துப்பாக்கி.

அது ஒற்றைக் குழல் மடக்குத் துப்பாக்கி. மலாயில் 'செனாப்பாங் பாத்தா' என்பார்கள். நடுவில் ஒடித்து, தோட்டாவை நுழைத்து, மறுபடி நிமிர்த்திப் பூட்ட வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு வேட்டு. பெரியப்பா அதை 'ஒடிக்கிறது' என்றுதான் சொல்வார். "ஒடிக்கிறத எடுத்தாந்து தொடைக்கணும்." அவர் துடைக்கும்போது நாங்கள் எல்லாரும் நாலடி தள்ளி உட்கார வேண்டும். பெயர் எழுதிய உரிமம் அவருக்கு மட்டும்தான். 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 1971ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் தொடர்பான கூடுதல் தண்டனைச் சட்டம் என்று இரண்டு இருக்கின்றன. உரிமம் இல்லாதவன் கையில் இருந்தால் 14 ஆண்டுவரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. காட்டுப்பன்னியைச் சுட வனவிலங்குத் துறையிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். இதையெல்லாம் பெரியப்பா பாடம் மாதிரிச் சொல்வார். அந்தத் துப்பாக்கியை என் வாழ்நாளில் நான் தொட்டதில்லை.

அது அவருக்குப் பன்னி விரட்டுகிற சாமான் மட்டும்தானா என்று நான் யோசித்ததுண்டு. தாத்தா சொன்ன கதைகளில் துப்பாக்கி எப்போதும் வேறு யாருடைய கையிலோதான் இருக்கும். துரையின் கையில், பட்டாளத்தின் கையில், காட்டுக்குள்ளிருந்து வந்தவர்களின் கையில். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். ஆயுதம் வைத்திருந்தாலே தூக்கு என்று விதி வந்தது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். எங்கள் தாத்தா அந்தப் பேரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். யார் கேட்டுவிடப்போகிறார்கள் என்று தெரியாது, ஆனால் தாழ்த்துவார். அந்தத் தாத்தாவின் மகன் நேராகக் காவல் நிலையத்துக்குப் போய், விண்ணப்பம் கொடுத்து, விசாரணைக்கு உட்கார்ந்து, தன் பெயரில் துப்பாக்கி வாங்கியிருக்கிறார். வருஷா வருஷம் புதுப்பிக்கப் போகும்போது இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைதான் போடுவார். கோயில் திருவிழாவுக்குக்கூட அவ்வளவு மெனக்கெட மாட்டார்.

ஆகவே, "விட்டுருங்க பெரியப்பா" என்று என்னால் சொல்ல முடியவில்லை. "பாக்குறேன்" என்றேன்.

நான் படித்தது மலாக்காவிலேயே, இயந்திரப் பொறியியல். ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இயந்திரங்கள் அதிரும்போது அந்த அதிர்வு தரைக்குப் போகாமல் தடுப்பதற்கு அடியில் ரப்பர் மெத்தை போடுவோம். எந்த எடைக்கு எவ்வளவு தடிமன் என்று கணக்குப் போடுவது என் வேலையில் ஒரு பகுதி. துப்பாக்கி உதைப்பதும் இதே கணக்கின் தம்பிதான். நான்காம் படிவத்தில் 'மொமென்தம்' என்று படித்தேன். அதற்கு உந்தம் என்ற அழகான தமிழ்ச் சொல் இருப்பது பல்கலைக்கழகம் முடித்த பிறகுதான் தெரியும். முன்னால் போகிற ஈயத்துக்கும் வாயுவுக்கும் எவ்வளவு உந்தமோ, அவ்வளவு உந்தம் துப்பாக்கிக்குப் பின்பக்கமாகக் கிடைக்கும். இதில் தள்ளுபடி கிடையாது.

அன்று இரவே கணினியில் அட்டவணை போட்டேன். பெரியப்பாவின் துப்பாக்கி 12 துளை. துளை எண் என்பது ஒரு பழைய கணக்கு. குழலின் விட்டத்துக்குச் சரியாக ஈய உருண்டை செய்தால் எத்தனை உருண்டை சேர்ந்து ஒரு பவுண்டு ஆகும் என்பதுதான் அந்த எண். அதனால் எண் கூடினால் குழல் சிறியது. 12 துளை 18.5 மில்லிமீட்டர், 20 துளை 15.6 மில்லிமீட்டர். 410 என்று சொல்கிற சின்னது மட்டும் நேராக அங்குலத்தில் அளந்தது, 10.4 மில்லிமீட்டர்.

3.2 கிலோ துப்பாக்கி, 32 கிராம் ஈயம், விநாடிக்கு 370 மீட்டர் வேகம் என்று வைத்தால், தோளில் வந்து இடிக்கும் ஆற்றல் ஏறத்தாழ 30 ஜூல். இரண்டு கிலோ செங்கல் ஒன்று, ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தோளில் விழுந்த மாதிரி. தையல் போட்ட தோளுக்கு அது ஆகாது.

என் முதல் யோசனை எல்லாருக்கும் வருகிற யோசனைதான். கைக்கு அடக்கமான, குட்டையான, கனமில்லாத துப்பாக்கி வாங்கினால் என்ன? பலவீனமான கைக்கு இலேசான பொருள்தானே வசதி. அட்டவணையில் 3.2-ஐ அழித்துவிட்டு 2.6 என்று போட்டேன். 30 ஜூல் 37 ஆனது. மறுபடி போட்டுப் பார்த்தேன். சரிதான். அதே தோட்டாவைப் போட்டால் இலேசான துப்பாக்கிதான் கூடுதலாக உதைக்கும். தூக்குவதற்குச் சுலபமானது சுடுவதற்குக் கஷ்டமானது. வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் 'சின்னதா ஒன்னு எடுத்துக்குங்க' என்று சிபாரிசு செய்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

20 துளை, 2.9 கிலோ, 24 கிராம் ஈயம்: 19 ஜூல். 410, 2.4 கிலோ, 14 கிராம்: 7 ஜூல். அந்த ஏழைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம். மறுநாள் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "அத வச்சி பன்னிய கூச்சங் காட்டலாம்."

அவர் காட்டுப்பன்னிக்குப் போடுவது 'எஸ்ஜி' தோட்டா. உள்ளே ஒன்பது குண்டுகள், ஒவ்வொன்றும் எட்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. 410 குழலில் அப்படி நாலைந்தைத்தான் அடைக்க முடியும். பக்கத்தில் வைத்துச் சுட்டால் பன்னி சாகலாம், சாகாமலும் போகலாம். "சாகாமப் போறதுதான் பாவம்" என்றார். அந்த வார்த்தையை நான் அப்போது சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

புதுத் துப்பாக்கிக்குப் புதிதாக அனுமதி கேட்க வேண்டும், பணமும் வேண்டும். ஆகவே இருக்கிற துப்பாக்கியையே சரிசெய்யலாம் என்று இறங்கினேன். முதலில் அளவு. கட்டையின் பின் முனையிலிருந்து விசைவரைக்கும் உள்ள தூரம்தான் துப்பாக்கியின் சட்டை அளவு. வழக்கமாக 14 அங்குலத்தை ஒட்டி இருக்கும். முழங்கையை மடக்கி, மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் கணுவரை அளந்தால் ஒருவருக்கு எவ்வளவு தேவை என்று தோராயமாகத் தெரியும். பெரியம்மாவின் தையல் நாடாவால் பெரியப்பாவை அளந்தேன். பன்னிரண்டே முக்கால். இத்தனை வருஷமும் தனக்கு ஒன்றேகால் அங்குலம் நீளமான துப்பாக்கியை வைத்துச் சுட்டிருக்கிறார். கட்டை நீளமாக இருந்தால் அது நெஞ்சுக்கும் தோளுக்கும் இடையிலுள்ள குழிவில் உட்காராது, வெளியே தள்ளித் தோள் முனையில் உட்காரும். அங்கே சதை இல்லை, எலும்பும் தசைநாரும்தான். யாரோ ஒரு உயரமான வெள்ளைக்காரனின் கைக்கு வைத்த அளவு. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துக் கட்டையை ஒன்றேமுக்கால் அங்குலம் குறைத்து, முனையில் அரை அங்குல ரப்பர் மெத்தை பொருத்தச் சொன்னோம். ரப்பர் மெத்தையைப் பெரியப்பா கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "சின்ன வயசுல அப்பா கூட கித்தா மரம் சீவப் போனவன் நான். இப்ப அந்தக் கித்தாதான் என் தோளப் பாத்துக்குது."

இதுவரை நான் செய்ததெல்லாம் சரி. அடுத்துச் செய்ததுதான் தப்பு.

அட்டவணையில் கடைசியாக ஒரு வரி சேர்த்திருந்தேன். அதே 12 துளை, அதே 3.2 கிலோ, ஆனால் 32 கிராமுக்குப் பதில் 24 கிராம் தோட்டா. 18 ஜூல். ஒரு காசு செலவில்லாமல், தோட்டாவை மட்டும் மாற்றி, 20 துளைத் துப்பாக்கியின் அளவுக்கு உதையைக் குறைத்துவிடலாம்! மலாக்கா பட்டணத்தில் உரிமம் பெற்ற கடையில் 24 கிராம் தோட்டா இருந்தது. தட்டு எறிந்து சுடும் விளையாட்டுக்கானது. உள்ளே இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லாத முந்நூறு சின்ன ரவைகள். "பழகிப் பாக்குறதுக்கும் குரங்க வெரட்டுறதுக்கும் இது போதும் பெரியப்பா. தோளு ஆறட்டும், அப்புறம் எஸ்ஜிக்குப் போலாம்" என்றேன். அட்டவணையை அச்செடுத்துக் கொடுத்தேன். பெரியம்மா அதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில், என் தம்பி பிள்ளையின் பள்ளிக்கூட அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார்.

2024 மார்ச்சில் ஒரு சாயங்காலம் பெரியப்பா போன் செய்தார்.

"தம்பி, பன்னி மேல பட்டுருச்சு. விழல."

குரங்கை விரட்டத்தான் போயிருக்கிறார். சின்ன ரவைதான் குழலில் இருந்திருக்கிறது. கால்வாய் ஓரத்தில் திரும்பியபோது பத்தடி தூரத்தில் பன்னி, கன்றின் குருத்தில் மூக்கை விட்டுக்கொண்டு. "கைக்கு எட்டுற தூரம். பழக்க தோசம். தூக்குனேன், சுட்டுட்டேன். தோளு வலிக்கவே இல்ல தம்பி." கடைசி வாக்கியத்தை அவர் என்னைத் திருப்திப்படுத்துவதற்காகச் சொன்னார் என்று நினைக்கிறேன். எனக்கு அது எப்படிக் கேட்டது என்று எழுத வரவில்லை.

அடுத்த நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்து நிலத்துச் சீனரும், நாங்கள் அங்கிள் என்று கூப்பிடுகிறவர், கூட வந்தார். கால்வாய் விளிம்பில் ரத்தம் சொட்டுச் சொட்டாக இருந்தது. பெரிய சொட்டு இல்லை, மிளகு தூவிய மாதிரி. தோட்டத்து எல்லையைத் தாண்டிச் சதுப்புக்குள் போய் மறைந்துவிட்டது. அடிபட்ட பன்னி புதருக்குள் படுத்திருந்தால் ஆளைப் பாயும் என்பதால் பெரியப்பா என்னை முன்னால் போக விடவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு அவரே முன்னால் நடந்தார். அன்று கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் நாற்றத்தை வைத்து அங்கிள்தான் கண்டுபிடித்தார். பெட்டைப் பன்னி. கழுத்திலும் முகத்திலும் தோலுக்கடியில் ரவை. ஒரு கண் இல்லை. எத்தனை நேரம் உயிரோடு கிடந்தது என்று நான் கேட்கவில்லை. அங்கிளும் சொல்லவில்லை.

பெரியப்பா கொஞ்ச நேரம் நின்றார். "இத்தன வருஷத்துல இப்படி ஒன்னு நான் செஞ்சதில்ல" என்றார். என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் நான் குளிர்பதனப் பெட்டிக் கதவிலிருந்து தாளைக் கிழித்து எடுத்தேன். பெரியம்மா பார்த்துக்கொண்டிருந்தார். "சாப்பிட்டுட்டு போயா" என்று மட்டும் சொன்னார்.

கணக்கில் பிழை இல்லை. இப்போது போட்டாலும் அதே 18 ஜூல்தான் வரும். பின்னால் வரும் உதை என்பது முன்னால் போவதன் மறுபக்கம் என்று அட்டவணையின் முதல் வரியிலேயே எழுதியிருந்தவன் நான். பின்பக்கத்தைக் குறைத்தபோது முன்பக்கத்திலும் குறைகிறது என்பதை ஓர் எண்ணாக மட்டும் பார்த்தேன். பெரியப்பாவுக்குக் குறைந்த வலி அந்தப் பெட்டைப் பன்னியின் மேல் ஏறிவிட்டது.

அதற்குப் பிறகு பல வாரம் நிறையப் படித்தேன். பிராயச்சித்தம் மாதிரி. உடம்பில் குறையோடு சுடுகிறவர்கள் உலகத்தில் எப்படிச் சுடுகிறார்கள்? ஹங்கேரியின் கரோலி தகாச் ராணுவத்தில் இருந்தவர். 1938இல் கையெறிகுண்டு வெடித்து வலது கை போய்விட்டது. இடது கையால் சுடப் பழகி 1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி இரண்டு ஒலிம்பிக்கிலும் கைத்துப்பாக்கிப் பிரிவில் தங்கம் வாங்கினார். பாராலிம்பிக்கில் 1976லிருந்தே துப்பாக்கிச் சுடுதல் இருக்கிறது. ராஜஸ்தானின் அவனி லேகரா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தோக்கியோவிலும் பாரிசிலும் தங்கம் வாங்கியவர். கையால் துப்பாக்கியின் எடையைத் தாங்க முடியாதவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. அவர்களுடைய துப்பாக்கியைச் சுருள்வில் வைத்த தாங்கி ஒன்று ஏந்திக்கொள்கிறது. குறி பார்ப்பதும் விசையை இழுப்பதும் அவர்கள் பொறுப்பு. பறக்கும் தட்டைச் சுடும் போட்டியிலும் மூன்று பிரிவு வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்து சுடுகிறவர்கள், காலில் குறை உள்ளவர்கள், கையில் குறை உள்ளவர்கள்.

இதிலெல்லாம் குறிப்பலகையை யாரும் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கவில்லை. ஆளுக்குத்தான் உதவி செய்திருக்கிறார்கள், வேலையின் தரத்தைக் குறைக்கவில்லை. நான் தலைகீழாகச் செய்திருந்தேன்.

இந்தக் கண்ணால் பார்த்தபோது பெரியப்பாவின் கேள்விக்கு வேறு பதில் இருந்தது. 'உடம்புக்கு முடியாதவர்' என்று ஒரே ஆள் கிடையாது. விரல் மூட்டு வீங்கியவருக்கு ஒடிக்கிற துப்பாக்கியைப் பூட்டித் திறப்பதே சிரமம். இடது கை பலவீனமானவருக்கு முன்பிடியை இழுத்துத் தள்ளி ஏற்றும் துப்பாக்கி ஆகாது. தோள் போனவருக்கு உதைதான் பிரச்சினை, தூக்குவது அவ்வளவாக இல்லை. தோள் போனவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது, வாயுவால் தானே இயங்கும் துப்பாக்கி. தோட்டா வெடித்ததும் குழலிலிருந்து கொஞ்சம் வாயுவைச் சின்னத் துளை வழியாக எடுத்து, ஒரு பிஸ்டனைத் தள்ளி, வெற்றுத் தோட்டாவை வெளியேற்றி அடுத்ததை ஏற்றும். உந்தம் குறையாது, ஆனால் ஒரே இடியாக வராமல் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு வரும். மேலேயிருந்து போடுகிற பையைப் பிடிக்கும்போது கையைக் கீழே இறக்கிக்கொண்டே பிடிப்போமே, அது மாதிரி. எடை மூன்று கிலோவுக்குக் குறையக் கூடாது, அந்த எடையைக் கை சுமக்காமல் ஒரு முக்காலித் தாங்கி சுமக்க வேண்டும். கட்டை நீளம் ஆளுக்கேற்றபடி. தோட்டா, அந்த விலங்கைக் கொல்லக்கூடியதாக. அமெரிக்காவில் காவல்துறைக்காகக் கொஞ்சம் வேகம் குறைத்த பெரிய குண்டுத் தோட்டாக்களே செய்தார்கள், குண்டின் அளவைக் குறைக்காமல். அல்லது தகாச் மாதிரி இடது தோளுக்கு மாறுவது. எதற்கும் முன்னால் மருத்துவரிடம் ஒளிக்காமல் கேட்பது.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவிடம் சொன்னேன். தாளில் எழுதிக் கொடுக்கவில்லை, வாயால் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு கேட்டார்:

"எல்லாம் சரி தம்பி. மசமசன்னு இருட்டுற நேரத்துல, புதருக்குப் பின்னாடி நிக்கிறது பன்னியா மனுசனான்னு எனக்குத் தெரியணுமில்ல?"

அன்றைக்குப் பத்தடியில் பன்னியைப் பார்த்ததும் சுட்டதாகச் சொன்னாரே, அது பாதி உண்மைதானாம். கறுப்பாக ஏதோ அசைந்தது. பன்னியாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். சுட்ட பிறகுதான் உறுதியானது. அந்தக் கால்வாய் ஓரத்தில் சில நாள் பங்களாதேஷ் பையன்கள் தூண்டில் போட உட்கார்ந்திருப்பார்கள். இதை அவர் பெரியம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. "கண்ணுல படலம் வந்துருக்கு. ஒரு வருஷமா தெரியும். தோளு வலிக்கிற வரைக்கும் அதச் சாக்கா சொல்லி எடுக்காம இருந்தேன். நீ வலிய நிப்பாட்டிட்ட."

நான் தோளை அளந்தேன், முழங்கையை அளந்தேன். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்டது தோளைப் பற்றி, நான் பதில் சொன்னது தோளைப் பற்றி. பொறியாளர்களின் வழக்கமான வியாதி இது. என் தொழிற்சாலையிலும் இப்படித்தான், இயந்திரத்தின் சத்தத்தை நிறுத்திவிட்டுச் சரியாகிவிட்டது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம்.

கண்ணில் படலத்தை எடுத்துவிடலாம், பெரிய விஷயமில்லை என்று சொன்னேன். "எடுக்கத்தான் போறேன்" என்றார். "பேரப்பிள்ள முகம் பாக்கணுமில்ல. ஆனா இது போதும்."

உரிமம் முடிகிற தேதிக்கு முன்பே துப்பாக்கியை ஒப்படைத்துவிட முடிவு செய்தார். அவரை நான்தான் காடியில் கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளைச் சட்டை. உறையில் போட்ட துப்பாக்கி அவர் மடியில் குறுக்கே இருந்தது. போகிற வழியில், மெர்லிமாவில் ஓடு பதித்த படிக்கட்டு வைத்த பழைய பெங்ஹுலு வீடு தாண்டும்போது, "நீ எழுதிப் போட்டு எடுத்துக்கிறியா?" என்று கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எவ்வளவு உதைக்கும் என்று எனக்கு ஜூல் கணக்கில் தெரியும். முன்னால் நிற்பது என்ன என்று தெரிந்துகொண்டு இழுக்கிற பொறுமை இருக்கிறதா என்று தெரியாது. "யோசிக்கிறேன் பெரியப்பா" என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

நிலையத்தில் இளம் வயது மலாய் அதிகாரி ஒருவர் எண்ணைச் சரிபார்த்தார். தோட்டாக்களை ஒவ்வொன்றாக மேசையில் நிறுத்தி எண்ணினார். எஸ்ஜி தனியாக, 24 கிராம் தனியாக. கட்டையில் புது ரப்பர் மெத்தையைப் பார்த்துவிட்டு, "இது நல்லா இருக்கே, பாக்சிக்" என்றார். பெரியப்பா என்னைக் கைகாட்டி, "என் மகன். இஞ்சினியர். அவன் செஞ்சது" என்று மலாயில் சொன்னார். ரசீதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது நிலத்தைச் சுற்றிச் சூரிய ஒளியில் இயங்கும் மின்வேலி போட்டிருக்கிறோம். தரையிலிருந்து 25 செண்டிமீட்டரில் ஒரு கம்பி, 50 செண்டிமீட்டரில் ஒரு கம்பி. பன்னியின் மூக்கு படுகிற உயரம். விட்டு விட்டு ஒரு சின்ன அடி கொடுக்கும், கொல்லாது. வாரத்துக்கு ஒருமுறை கம்பியில் புல் படாமல் வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் மின்சாரம் மண்ணில் இறங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் புல் வெட்டுகிறேன். பெரியப்பா கண் அறுவை சிகிச்சை முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கன்றுகளுக்கு இப்போது வயது மூன்றைத் தாண்டுகிறது. போன வாரம் ஒரு மரத்தில் முதல் குலை சின்னதாகக் கண்டிருந்தது. கிட்டே போய், இடது கையால் மட்டையை விலக்கி, வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.